ஓயோவின் அரசுரிமையும் எங்கள் கோயில் தலைமையும்

1

ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இப்போதெல்லாம் சுகம் விசாரிப்பதற்கு முன்னரே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "சேர், கோயிலை விட்டிட்டியளாம், உண்மையே?" கேட்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் வரலாறு படித்தவர்கள், இன்று அவர்களே பாடசாலை அதிபர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருப்பவர்கள். சிலர் இன்னும் கூடுதலாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். தகப்பனும் மகனும் பகையாம், பொதுக்கூட்டத்தில் கைகலப்பாம். பருத்தித்துறையில் ஒரு திருமண வீட்டுப் பந்தியில் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் இடையில் இக்கதை பரிமாறப்பட்டதாகவும் அறிந்தேன்.

ஆகவே எழுதுகிறேன். பிறர் சொல்லி என் பெயர் ஊரில் உலவுவதைவிட நானே சொல்லிவிடுவது நன்று.

டென்மார்க்கின் சில்க்போர்க் நகருக்கு வெளியே, முன்னர் மரத்தளபாடத் தொழிற்சாலையாக இருந்த ஒரு மண்டபத்தில் எங்கள் பிள்ளையாரை எழுந்தருளச் செய்தோம். வரும் ஆனியுடன் அந்தக் கும்பாபிஷேகம் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. முறைப்படி மறுபடி கும்பாபிஷேகம் செய்யவேண்டும். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. அதில் தலைவர் என்ற இடத்தில் என் பெயர் இராது. என் மகன் நிரஞ்சனின் பெயரும் இராது. முன்னையதை நான் தாங்கிக்கொள்வேன். எனக்குப் பின் என் மகன் அந்த ஆசனத்தில் இருப்பான் என்ற ஒன்றை மட்டுமே இந்நாட்டில் நான் எதிர்பார்த்திருந்தேன். அது நடக்கவில்லை.

இதை விளக்க நான் மேற்கு ஆபிரிக்காவின் பழைய அரசு ஒன்றைத் துணைக்கு அழைக்கப்போகிறேன். வாசகர் வியக்க வேண்டாம். நான் வரலாற்று ஆசிரியன்.

2

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட முதியவர்களை இங்குள்ள கொமூன், அதாவது நகரசபை, வெந்நீர்த் தடாகத்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கிறது. கல்லூரி ஒன்றில் உப அதிபராக இருந்தவன், அரைக்காற்சட்டையுடன் மார்பளவு நீரில் நின்று, பேத்தி வயதுப் பெண்ணொருத்தி கைதட்டக் கைதட்டக் காலைத் தூக்கி இறக்குவதை நீங்கள் கற்பனை செய்யாதிருப்பது எனக்குச் செய்யும் மரியாதை. அவள் முதல் நாளே என்னைப் பெயர் சொல்லி அழைத்தாள். இந்நாட்டில் அரச குடும்பத்தைத் தவிர மற்றெல்லோரும் "நீ"தான்.

அந்தத் தடாகத்தில் என் வலப்பக்கத்தில் நின்றவர் திரு. அடேவாலே. நைஜீரியாவின் யோருபா இனத்தவர். கப்பல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டெனிஷ் மனைவியை இழந்தவர். முதல் வாரமே என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, "குட் மோர்னிங், சேர்" என்றார். பல ஆண்டுகளாக இந்த நாட்டில் எவரும் என்னை அப்படி விளித்ததில்லை. நண்பர்கள் அவரைச் சுருக்கமாக "அடே" என்று அழைப்பார்களாம். ஒரு தமிழனால் ஒரு கனவானை அவ்வாறு அழைக்க இயலாது என்பதை நான் அவருக்கு விளக்கினேன். தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தார்.

இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். ஒரே பேரரசு நிறுவிய பள்ளிக்கூடங்களில், ஒரே இங்கிலாந்து மன்னர்களின் பெயர்களை ஒப்புவித்து, தவறியபோது ஒரே வகைப் பிரம்பால் அடிவாங்கியவர்கள் நாங்கள். அவருடைய ஆங்கிலம் என் காதில் ஏனோ யாழ்ப்பாணத்துப் பேச்சாகவே விழும். அப்படியே எழுதுகிறேன்.

அவர் பழைய ஓயோ அரசுக்குக் கீழ்ப்பட்டிருந்த ஒரு சிற்றூரின் அரச குடும்பத்தவர். அங்கே நான்கு குடும்பங்களுக்கு ஆட்சியுரிமை உண்டு. ஒரு மன்னர் மறைந்தால் அடுத்த குடும்பத்தின் முறை. அவருடைய குடும்பத்தின் முறை வந்தபோது உறவினர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள்.

"பின்னை ஏன் போகேல்லை?" என்று கேட்டேன்.

"போயிருப்பன். ஆனா வெளிநாட்டிலை இருந்து ஓய்வூதியம் எடுக்கிறதெண்டா, உயிரோடை இருக்கிறன் எண்டு வருசாவருசம் டென்மார்க்குக்கு அத்தாட்சி அனுப்போணுமாம். சிம்மாசனத்திலை இருந்துகொண்டு ராசா உயிரோடைதான் இருக்கிறார் எண்டு ஆரிட்டைக் கையெழுத்து வாங்கிறது, சேர்?"

3

ஓயோ மன்னர்களின் கதையை அவர் எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு மன்னருக்கு ஒரு நாள் என்பது போல, கால் தூக்கும் இடைவெளிகளில் வந்தது. அவர் சொன்னது மரபு வழிக் கதை. ஒரு கதைசொல்லி சொன்ன மன்னர் பட்டியலை இன்னொரு கதைசொல்லி அப்படியே சொல்வதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

இஃபே என்ற புனித நகரில் ஒடுடுவா என்ற ஆதிமன்னர். அவர் வழியில் வந்த ஒரான்மியான் போருக்குப் புறப்பட்டு, வழியில் சகோதரர்களுடன் பிணங்கி, ஊர் திரும்ப வெட்கப்பட்டார். அயல்நாட்டு மன்னரொருவர் அவருக்கு மந்திரித்த பாம்பொன்றைக் காட்டி, இது போகும் வழியே போ, எங்கே மறைகிறதோ அங்கே நகரை அமை என்றார். அப்படி அமைந்ததுதான் ஓயோ.

"ஊருக்குத் திரும்பிப் போக வெட்கப்பட்டவன் கட்டின ஊர் அது," என்றார் அடேவாலே. "எங்கடை பேரரசே ஒரு அகதி முகாம்தான், சேர்."

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆயினும் அகதி முகாம்களில் எத்தகையோர் இருந்தனர் என்பதை நான் அறிவேன். இந்நாட்டுக்கு வந்த புதிதில் சண்ட்ஹோம் முகாமில் நான் உணவுத்தட்டுடன் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு நீதவானும் பின்னால் ஒரு சோதிடரும் நின்றார்கள்.

ஒரான்மியானுக்குப் பின் மூத்த மகன் அஜாகா. சாந்தமானவர்; சண்டையை விரும்பாதவர். அண்டை அரசுகள் ஏறி மிதித்தன. மக்கள் அவரை இறக்கிவிட்டு, அவருடைய தம்பி ஷாங்கோவை ஏற்றினார்கள். ஷாங்கோவின் தாய் அயல்நாட்டு இளவரசி. அவர் பேசினால் வாயிலிருந்து தீயும் புகையும் வரும் என்பார்கள். இடியை அழைக்கும் மருந்தொன்றைப் பரீட்சித்துப் பார்க்கப்போய், அது அவருடைய அரண்மனையிலேயே விழுந்து மனைவி மக்களை எரித்தது. மன்னர் நாட்டைவிட்டு வெளியேறி ஒரு மரத்தில் தூக்கிட்டுக்கொண்டார். "தூக்கிடவில்லை, தெய்வமானார்" என்று அவருடைய ஆட்கள் அடித்துச் சொன்னார்கள். இன்றும் யோருபா நாட்டில் இடி இடித்தால் அது ஷாங்கோ.

"பெயரைக் காப்பாத்திப்போட்டினம்," என்றேன்.

"ஓம். செத்தவனுக்கு நல்ல ஆக்கள் இருந்தால் அது போதும்."

பின்னர் அஜாகாவையே மறுபடி அழைத்து அரியணையில் இருத்தினார்களாம். இறக்கப்பட்டவர் திரும்ப ஏறினார் என்ற அந்தப் பகுதியை நான் அன்று சாதாரணமாகவே கேட்டேன்.

பதிலுக்கு நான் எங்கள் யாழ்ப்பாண அரசைச் சொன்னேன். செகராசசேகரன் என்று ஒருவர், பரராசசேகரன் என்று அடுத்தவர், மீண்டும் செகராசசேகரன். பட்டப்பெயர்களாவது ஒழுங்காக மாறிமாறி வந்தன என்று பெருமையுடன் சொன்னேன். சங்கிலி மன்னன் தமையன்மாரை ஒழித்துவிட்டு ஏறிய கதையையும் மறைக்கவில்லை.

"அப்பாடா," என்றார் அவர். "உங்களிட்டையும் உண்டு. நீங்கள் எல்லாம் பிள்ளையாரைப் போல ஆக்களெண்டு நான் நினைச்சுப்போட்டன்."

4

சென்ற ஆண்டு பங்குனியில், கோயில் நிர்வாகசபைச் செயலாளர் தவராசா இன்னொரு சபை உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தவராசா நகரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வெறுங்கையுடன் வரவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். என் மனைவி தேநீர் வைத்தாள்.

"சேர், நீங்கள் இல்லையெண்டா இந்தக் கோயில் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதைச் சொல்லவோ இந்தப் பனிக்குள்ளை வந்தனீர்?"

தவராசா தொண்டையைச் செருமினார். "வங்கிக்காரர் நெருக்கிறாங்கள். தலைவர்தான் கைபேசியிலை அடையாளம் குடுக்கோணுமாம். உங்கடை அடையாளம் பிழையா அடிச்சு அடிச்சுப் பூட்டிப்போட்டுது. தீயணைப்புக்காரற்றை கடிதம் வந்து கிடந்ததும் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் இப்ப இணையத் தபால்பெட்டிக்குள்ளை தானே."

அது உண்மை. இந்த நாட்டு நிர்வாகம் முன்னர் நீளமான உறைகளில் வந்தது. அகராதியுடன் இருந்து அவற்றை வாசித்தேன். கோயிலுக்கு அனுமதி எடுத்ததும், மணி அடிப்பதற்கு அயலவரின் ஆட்சேபத்தை வென்றதும் அப்படித்தான். இப்போது அது ஒரு சிறு கண்ணாடிக்குள் போய் ஒளிந்துகொண்டு, நான் யார் என்று என்னிடமே கேட்கிறது.

"அதாலை சேர், நீங்கள் போஷகராய் மேலை இருங்கோ. தலைவருக்கு எங்கடை நிரஞ்சன் தம்பியைப் போடுவம். உங்கடை ரத்தம். ஒருத்தரும் எதிர்க்க மாட்டினம்."

போஷகர் என்பது எங்கள் சங்கங்களின் பழைய வழக்கம். தலைவரை நீக்கவேண்டும், ஆனால் நீக்கியதாகத் தெரியக்கூடாது என்றால், அவரைப் போஷகராக்குவார்கள். நானே மூவரை அப்படி ஆக்கியிருக்கிறேன். ஆயினும் தவராசாவின் வாக்கியத்தின் பின்பாதியில் என் மனம் நின்றுவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

அவர்கள் போனபின் மனைவி கேட்டாள்: "இஞ்சருங்கோ, அவனிட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"என்ன கேக்கிறது? என்ரை ஐயா என்னைக் கேட்டோ என்னை வாத்தியாராக்கினவர்?"

"அதுதானே நீங்கள் இண்டைவரைக்கும் சிரிக்காமல் திரியிறியள்."

நிரஞ்சன் ஓர்ஹூஸ் நகரில் கட்டடப் பொறியியலாளன். இங்கே பிறந்தவன். தாயிடம் பாதித் தமிழிலும் பாதி டெனிஷிலும் பேசுவான். என்னிடம் குறைவாகவே பேசுவான். அந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தபோது அவனிடம் சொன்னேன். "வாற பொதுக்கூட்டத்திலை உன்னைத் தலைவராய்ப் பிரேரிக்கினம். வேட்டியோடை வா." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றைப் பிசைந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீடுகளில் தகப்பன் சொன்னதற்கு மகன் மறுபேச்சுப் பேசாவிட்டால் அது இணக்கம். அவன் வளர்ந்த வகுப்பறைகளில், விருப்பமானவன் கை உயர்த்திச் சொல்வான். பேசாமலிருப்பவன் இன்னும் எதையும் சொல்லவில்லை என்றே பொருள். இரண்டையும் நான் அறிவேன். பல ஆண்டுகள் இங்குள்ள பாடசாலைகளில் தாய்மொழி ஆசிரியனாக இருந்தவன் நான். ஆனால் சாப்பாட்டு மேசையில் நான் தகப்பன்.

5

தடாகத்தில் இச்செய்தியை அடேவாலேயிடம் சற்று நிமிர்ந்தே சொன்னேன்.

"எத்தினை பேர் வந்தவை?" என்று உடனே கேட்டார்.

"இரண்டு பேர். ஏன்?"

"எங்கடை ஓயோவிலை ஏழு பேர். ஓயோ மேசி எண்டு சொல்லுவம். ராசாவைத் தெரிவு செய்யிறதும் அவைதான், இனிக் காணும், இறங்கு எண்டு சொல்லுறதும் அவைதான். தலைமையானவர் பஷோருன். ராசாவை வேண்டாமெண்டா ஒண்டும் வாய் திறந்து சொல்லமாட்டினம். ஒரு வெறும் சுரைக்குடுவையை அனுப்புவினம். இல்லாட்டிக் கிளி முட்டை. அதைக் கண்டால் ராசா தானாய்ச் சாகோணும்."

"இவை வாழைப்பழம் கொண்டு வந்தவை."

"முட்டை இல்லைத்தானே? அப்ப பயமில்லை." நீருக்குள் கையை ஆட்டிச் சிரித்தார். பின்னர் முகம் மாறியது. "மகன் ஓமெண்டவரோ?"

"மறுக்கேல்லை."

அவர் காலை ஆட்டினார். பிறகு அரெமோவைப் பற்றிச் சொன்னார். அரெமோ என்பது ஓயோ மன்னரின் மூத்த மகனுக்குரிய பட்டம். ஆதியில் தகப்பனுக்குப் பின் அவரே மன்னர். தகப்பன் அரண்மனைக்குள் இருக்க, வெளியே ஆட்சியை நடத்துபவரும் அவரே. ஆனால் காத்திருக்கப் பொறுமையில்லாத மகன்மார் தகப்பனின் முடிவைத் துரிதப்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வந்தது. ஆகவே பின்வந்த காலத்தில் ஒரு விதி செய்தார்கள்: தகப்பன் இறக்கும் நாளில் அரெமோவும் இறக்கவேண்டும். தகப்பனோடு சேர்ந்து ஆளலாம்; தகப்பனுக்குப் பின் ஆளமுடியாது. நெடுங்காலத்துக்குப் பின்னரே அவ்விதி நீங்கியது.

"நல்ல விதிதான்," என்றேன் வேடிக்கையாக. "உங்கடை முன்னோர் மகன்மாற்றை ஆசைக்குப் பயந்திருக்கினம். எங்களுக்கு இஞ்சை அந்தப் பயம் இல்லை. ஆசை இல்லாததுதான் பயம்."

அடேவாலே சிரிக்கவில்லை. "தகப்பன் உயிரோடை இருக்கேக்கை அவன் ஆர், தகப்பன் போனாப்பிறகு அவன் ஆர், சேர்? அந்தப் பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ." பயிற்சிப் பெண் கைதட்டினாள். நாங்கள் மற்றக் காலைத் தூக்கினோம்.

6

பொதுக்கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. இந்நாட்டு வழக்கப்படி சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்துக்கு, சபையில் இல்லாத ஒருவர் நடுவராக இருக்கவேண்டும். அதற்கும் ஒருவரை நியமித்திருந்தோம். நான் என் அறிக்கையை வாசித்தேன். விலகுவதாக அறிவித்தேன். தவராசா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அனைவரும் எழுந்து நின்று கைதட்டினர். என்னைப் போஷகராக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இதுவரையில் யாவும் எழுதிவைத்தபடி நடந்தன.

தலைவர் பதவிக்கு நிரஞ்சன் பிரேரிக்கப்பட்டான். ஆமோதிக்கப்பட்டான். நடுவர், வேறு பெயர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை. பிரேரிக்கப்பட்டவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டார். அதுவும் வழக்கத்தில் உள்ளது. எங்கள் கூட்டங்களில் இது ஒரு சடங்கு. எவரும் விடையைக் கவனிப்பதில்லை.

நிரஞ்சன் மூன்றாவது வரிசையில் எழுந்தான். வேட்டி கட்டியிருந்தான். அதை நான் குறிப்பிடவேண்டும். நான் சொன்னபடி வேட்டியுடன்தான் வந்திருந்தான்.

"நேய், தக்," என்றான்.

வேண்டாம், நன்றி. இன்னொரு கோப்பை கோப்பி வேண்டுமா என்று கேட்டால் டெனிஷ்காரர் சொல்லும் அதே இரண்டு சொற்கள். பிறகு தமிழில் தொடர்ந்தான். "மன்னிக்கோணும். நான் நிற்கேல்லை. எனக்கு... வேறை ஒருத்தரைப் போடுங்கோ." கதிரையில் இருந்துவிட்டான்.

கைகலப்பு நடக்கவில்லை. எவரும் உரத்துப் பேசவும் இல்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை விசிலூதும் பொம்மையை ஊதியது. பிறகு யாரோ தவராசாவின் பெயரைச் சொன்னார்கள். தவராசா, "எனக்கு நேரமில்லை, கடை இருக்கு" என்று முறைப்படி மறுத்து, முறைப்படி ஏற்றுக்கொண்டார். நான் பொன்னாடையுடன் மேடையில் இருந்தேன். முகத்தில் எதையும் காட்டவில்லை என்றே நம்புகிறேன். முதலில் கைதட்டியவன் நானே.

வீட்டுக்கு அவனுடைய காரில்தான் வந்தேன். வேறு வழியில் வந்தால் ஊர் பேசும். ஏரியைக் கடந்தோம். என் மனைவி பின் ஆசனத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டிலை சொல்லியிருக்கலாம்," என்றேன் கடைசியில்.

"நீங்கள் வீட்டிலை கேக்கேல்லை, அப்பா. அங்கைதான் ஒருத்தர் கேட்டவர்."

நான் மடியிலிருந்த பொன்னாடையை மடித்தேன்.

"நீங்கள் இருக்குமட்டும் நான் தலைவர் இல்லை," என்றான் அவன், வீதியைப் பார்த்தபடி. "பூசைக்கு எத்தினை மணி, ஐயருக்கு விசா, எல்லாம் நீங்கள் சொல்லுவியள், நான் கைபேசியிலை அமத்துவன். நீங்கள் போனாப்பிறகு அந்த மண்டபத்துக்கு ஆர் வரப்போகினம்? என்ரை வயசுக்காரர் இண்டைக்கு எத்தினை பேர் வந்தவை எண்டு பாத்தனீங்களே? அப்ப நான் எந்தக் காலத்துக்குத் தலைவர்?"

அவன் ஓயோவைப் பற்றி எதுவும் அறியாதவன்.

"காணும், நிரஞ்சன்," என்றாள் தாய். "றோட்டைப் பாத்து ஓட்டு."

7

இங்கிருந்து நான் சொல்லப்போவது பலவீனம் போலத் தோன்றலாம். அப்படியன்று; அது ஒரு வரலாற்று மாணவனின் கணிப்பு.

அஜாகாவைத் திரும்ப அழைத்தார்கள் அல்லவா? அந்தப் பகுதி எனக்குள் வேலைசெய்யத் தொடங்கியது. தவராசா கடைக்காரர். நிர்வாகம் வேறு, நிறுவை வேறு. சில மாதங்களிலேயே குழப்பங்கள் என் காதுக்கு வந்தன. தேர்த் திருவிழாவுக்கு வீதியை மூடும் அனுமதி பிந்திவிட்டது. புதிதாக வந்த ஐயருக்கும் சபைக்கும் பூசை நேரத்தில் முரண்பாடு. கும்பாபிஷேகத்தை எந்த நாளில் வைப்பது என்பதில் இரண்டு கட்சி. "சேர் இருந்திருந்தா இப்பிடி நடக்குமே?" என்று இருவர் என்னிடம் நேரில் சொன்னார்கள். நான் எதையும் ஆமோதிக்கவில்லை. போஷகர் என்ற முறையில் வெள்ளிக்கிழமைகளில் போனேன், தூணருகே நின்றேன், திருநீறு வாங்கிக்கொண்டு வந்தேன். ஆயினும் வீட்டில், கும்பாபிஷேகத்துக்குச் செய்யவேண்டியவற்றை ஒழுங்காக நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். யாக குண்டங்களுக்குத் தீயணைப்புப் பிரிவிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை டெனிஷில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

அடேவாலேயிடம் கேட்டேன்: "அந்த அஜாகா, திரும்பி வந்தவர், எப்பிடி ஆண்டவர்?"

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"திரும்பி வந்தது வேறை ஆள், சேர். முந்திச் சண்டையே வேண்டாமெண்டவர், பிறகு சண்டையை விட்டு வேறையொண்டும் தெரியாதவர். அடக்காத ஊரில்லை. தன்ரை ஆக்களையும் விடேல்லை எண்டு சொல்லுவினம். இறக்கிவிட்ட ஆக்களை மறக்கேலாமல் போட்டுது." தண்ணீரைக் கையால் தள்ளினார். "கூப்பிட்டவை பிறகு ஷாங்கோவை நினைச்சு அழுதிருப்பினம்."

"நான் அப்பிடியான ஆளில்லை."

"இல்லை," என்றார் அவர். "அஜாகாவும் இல்லை. முதலிலை."

அதன்பின் அவருடைய பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. அவருக்கு இனிப் பயிற்சி தேவையில்லை என்று கொமூன் தீர்மானித்தது. என் வலப்பக்கத்தில் இப்போது ஒரு டெனிஷ் மூதாட்டி நிற்கிறார். அவர் பேசுவதெல்லாம் காலநிலை.

8

மாசி மாத ஞாயிறொன்றில், பகல் உணவுக்குச் சற்று முன், நிரஞ்சனின் கார் வந்து நின்றது. வருவதாக அவன் சொல்லியிருக்கவில்லை. மனைவி அயல்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்குப் போயிருந்தாள். அதற்கு முந்திய வாரம் சபையில் பெரிய வாக்குவாதம் நடந்ததையும், தவராசா விலகுவேன் என்று சொன்னதையும் கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே கார் வந்த சத்தம் கேட்டதும் எழுந்து மேற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். தூது வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மகனையே தூது அனுப்பியது பொருத்தமானது என்றும் நினைத்தேன்.

அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அப்பா, கோயிலிலை பூட்டெல்லாம் மாத்தியாச்சு. இலக்கம் அமத்துற பூட்டு. காப்புறுதிக்காரர் பழைய திறப்பெல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லுகினம். ஒண்டுதான் வரேல்லை."

மூலஸ்தானக் கதவின் சாவி, எங்கள் வழக்கில் திறப்பு, அது. முதல் கும்பாபிஷேகத்தன்று சிவாச்சாரியார் என் கையில் தந்தது. விலகிய பின்னரும் அது என்னிடமே இருந்தது. வேறு திறப்புகள் செய்து புழங்கினார்கள்; இதை எவரும் கேட்கவில்லை. கேட்காதிருந்தது மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"தவராசா விலகுறதாய்க் கேள்விப்பட்டன்," என்றேன்.

"இல்லை. அது சமாளிச்சாச்சு. கும்பாபிஷேகம் முடியுமட்டும் அவர்தான்."

"பிறகு?"

"பிறகு தவராசாவின்ரை மகள் வருவா எண்டு கதைக்கினம்."

மேற்சட்டையின் பொத்தான்களைப் போட்டு முடித்தேன். ஒரு கேள்வி மட்டும் எனக்கிருந்தது.

"உனக்கு அந்தக் கோயில் வேண்டாம். பின்னை இதுக்கு ஏன் நீ வந்தனி?"

தமிழில் சொற்களைத் தேடுகிறான் என்று தெரிந்தது. டெனிஷில் சொல்லியிருக்கலாம், எனக்கு விளங்கியிருக்கும். அவன் தமிழிலேயே தேடினான்.

"சபையிலை ரெண்டு பேர் வாறதெண்டு இருந்தவை. கையெழுத்து வாங்க ஒரு கடுதாசியோடை. வேண்டாம், நான் போறன் எண்டு சொன்னனான். அவை வந்து வாசல்லை நிண்டு உங்களிட்டைக் கேக்கிறது... அது சரியில்லை, அப்பா."

நான் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து அதை எடுத்துவந்தேன். கறுத்த பெரிய திறப்பு. ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தேன். துணியுடன் நீட்டினேன். அவன் வலக்கையின்கீழ் இடக்கையையும் வைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்படி வாங்கவேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

"சாப்பிட்டிட்டுப் போவன். அம்மா வந்திடுவா."

"அங்கை குடுத்திட்டு வாறன். பாத்துக்கொண்டிருக்கினம்."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். நான் வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்வீட்டு டெனிஷ்காரர் தன் முற்றத்துப் பனியை வழித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். கார் பின்னால் வந்து திரும்பியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தபடியால் நான் கையை உயர்த்தி அசைத்தேன். ஒரு தகப்பன் தன் மகனை வழியனுப்புகிறார் என்றே அவருக்குத் தோன்றியிருக்கும்.